சின்னச் சட்டைக்கும் ஒரு விலை





பிள்ளை வளர்கிற வேகத்துக்கு உடுப்பு வாங்கிக் கட்டாது என்ற பேச்சு கிளிவெட்டியிலும் உண்டு, கனடாவின் ஸ்காபரோவிலும் உண்டு. அது வெறும் புலம்பல் இல்லை, கணக்கும் அதையே சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் நீளம் இருக்கும் குழந்தை முதற் பிறந்தநாளில் 75 வரை வந்துவிடும். இரண்டாம் பிறந்தநாளில் 87ஐத் தொடும். ஐரோப்பிய அளவு முறையில் குழந்தை உடுப்பு ஆறு ஆறு சென்ரிமீற்றராகப் படி ஏறும்: 50, 56, 62, 68, 74, 80, 86. எண்ணிப் பாருங்கள், இரண்டு வயதுக்குள் ஏழு அளவுகள்.

ஓர் அளவு வீட்டில் தங்குவது சில மாதங்கள்தான். பிள்ளை பார்க்க வந்தவர்கள் கொடுத்தது, மாமி லண்டனிலிருந்து கொண்டுவந்தது, பிறந்தநாளுக்கென்று தேடி வாங்கியது என்று குவிவதில் பாதி, இரண்டு முறை போடுவதற்குள் இறுகிவிடும். பிறகு கட்டிலுக்குக் கீழே ஒரு பை, அலுமாரிக்கு மேலே ஒரு பெட்டி. ‘ஆருக்கும் குடுக்கலாம்’ என்று எடுத்துவைப்போம். அந்த ஆரும் வரமாட்டார்கள்.

முன்பு வந்தார்கள். அக்காவின் மகள் போட்ட சட்டை தங்கச்சியின் மகளுக்கு வரும், அங்கிருந்து சித்தப்பா வீட்டுக்குப் போகும். பிறந்த பிள்ளையைக் கடைத்துணியில் சுற்றாமல், பலமுறை தோய்த்து மெதுமையாகிப்போன பழஞ்சீலையில் சுற்றுவதுதான் எங்கள் பெண்களின் வழக்கம். ஏணை கட்டுவதும் அம்மம்மாவின் சேலையில்தான். பழந்துணியை நம்மவர்கள் ஒருநாளும் இழிவாக நினைத்ததில்லை. ஆனால் அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்க வேண்டுமென்றால் சொந்தம் நடை தூரத்தில் இருக்க வேண்டும். ஒருவருக்குப் பின் ஒருவராகப் பிள்ளைகளும் பிறந்துகொண்டிருக்க வேண்டும். இன்று ஒரு தங்கச்சி கட்டுநாயக்காவில், ஒருத்தி டோஹாவில், அண்ணன் சுவிஸில். வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள், இடையில் ஆறு வருட வித்தியாசம். சட்டை இருக்கிறது, அதைப் போடும் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

அந்தப் பிள்ளையைத் தேடித் தருகிற வேலையைத்தான் இப்போது வட்ஸ்அப், முகநூல் குழுக்கள் செய்கின்றன. பாவித்த பிள்ளை உடுப்பைப் படம் எடுத்துப் போட்டு விற்பதும் வாங்குவதும் நம் பகுதிகளிலும் மெல்ல மெல்லப் பழக்கமாகி வருகிறது. பலருக்கு அதில் ஒரு கூச்சம். விற்கப் போனால் ‘என்ன, இதையும் விக்கிறாளா’ என்று ஊர் கேட்குமோ என்ற பயம். வாங்கப் போனால் ‘வசதி இல்லையாக்கும்’ என்ற பார்வை. இந்த மாதம் அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன். சின்னச் சட்டைக்கும் ஒரு விலை இருக்கட்டும் என்பது என் கட்சி. இலவசத்தைவிட அந்தச் சின்ன விலை, வாங்குகிறவருக்கு அதிக மரியாதை தருகிறது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன், கிளிவெட்டியை அறியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர்ப் பக்கமாக வெருகல் தாண்டி மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியில், வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர். முத்துமாரியம்மன் கோயிலும் நெல்லும் அதன் அடையாளங்கள். ஒரு பக்கம் முஸ்லிம்கள் நிறைந்த மூதூர், மறுபக்கம் சிங்களக் குடியேற்றங்கள் உள்ள சேருவில, நடுவில் தமிழ்க் கிராமங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, திருகோணமலை நகரத்துக் கடைக்குப் போவதென்றால் அங்கே ‘பாதை’ என்ற மிதவைக்குக் காத்து நின்று துறை கடக்க வேண்டியிருந்தது.

இந்த ஊரின் பெயர் நாட்டுக்கு அதிகம் தெரியவந்தது ஓர் அகதி முகாமால். 2006இல் மூதூர் கிழக்கில் சண்டை மூண்டபோது சம்பூரையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் விட்டு ஓடிய குடும்பங்கள், மட்டக்களப்பு முகாம்களில் அலைந்துவிட்டு, 2007 முதல் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களில் ‘இடைத்தங்கல்’ முகாம்களில் இருத்தப்பட்டார்கள். இடைத்தங்கல் என்பது பெயரளவில்தான். சம்பூர்க் காணிகள் 2015இலும் 2016இலும்தான் விடுவிக்கப்பட்டன. 2007இல் அங்கே பிறந்த ஒரு பிள்ளை, சொந்த ஊரைப் பார்க்கும்போது எட்டு ஒன்பது வயது ஆகியிருக்கும். இரண்டு வயதுக்குள் ஏழு அளவுகள் என்று மேலே எண்ணினோமே, அந்த அளவுகளும் அதற்கு மேலும் தகரக் கொட்டிலுக்குள்ளேயே கடந்துபோன பிள்ளைகள் அவர்கள்.

முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு உடுப்பு மூட்டையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கொடுப்பவரின் மனம் நல்லதுதான். ஆனால் வருவதை வாங்க வேண்டும். பெரிதோ சிறிதோ, மகளுக்குப் பிடித்த நிறமோ இல்லையோ, கேட்க முடியாது. கேட்டால் ‘குடுக்கிறதுக்குள்ள இவைக்கு நிறம் வேற’ என்று ஒரு பேச்சு வரும். நிவாரணத்தில் எடுத்துப் பார்த்துத் தெரிந்தெடுக்கிற உரிமைதான் முதலில் போய்விடுகிறது.

இது நம் மாவட்டத்தின் கதை மட்டும் இல்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் கரையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். நாடு முழுவதிலிருந்தும் லொறி லொறியாகப் பழைய துணிகள் வந்து இறங்கின. தரம் பிரிக்காமல், அளவு பார்க்காமல், சிலது தோய்க்காமலும் வந்தவை. கடலோரக் குடும்பங்கள் பல அவற்றைத் தொடவில்லை. மானமாக உழைத்துச் சாப்பிட்டவர்களுக்கு, வீதியோரம் கொட்டிக் கிடந்த துணியில் குனிந்து பொறுக்குவது இழப்புக்கு மேல் இன்னோர் இழப்பாக இருந்தது. கடைசியில் அந்தக் குவியல்களைத் தரம் பிரித்துப் பயனுக்குக் கொண்டுவரும் வேலையில், அன்ஷு குப்தா 1999இல் டெல்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு இறங்கியது. அவர் நடத்தும் திட்டத்தில் துணி பிச்சையாகப் போவதில்லை. கிராமத்தவர்களே தங்களுக்கு வேண்டிய கிணறு, பாலம், பாதை என்று ஒரு பொதுவேலையைத் தெரிந்தெடுத்துச் செய்வார்கள். அந்த உழைப்புக்குப் பதிலாகத் துணி போகும். 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர் கண்டுகொண்டது சின்ன விடயம்தான்: வாங்குகிறவர் பதிலுக்கு எதையாவது கொடுக்கும்போது நிமிர்ந்து நிற்கிறார்.

பார்க்காமல் வாங்குவதன் இன்னொரு முகம் ஆபிரிக்காவில் இருக்கிறது. கானாவின் தலைநகர் அக்ராவில் கண்டமந்தோ என்ற பெரிய பழந்துணிச் சந்தை உண்டு. வாரம் ஒன்றரைக் கோடி உடுப்புகள் அங்கே வந்து இறங்குவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘தானம்’ என்று பெட்டியில் போட்டதுதான் அதில் பெரும்பங்கு. சந்தைப் பெண்கள் அதைக் கட்டாக வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கட்டை வெட்டும் வரை தெரியாது. நல்லது வந்தால் பிழைப்பு, கிழிசல் வந்தால் கடன். 2025ஆம் ஆண்டு பிறந்த வேளையில் அந்தச் சந்தையில் பெருந்தீ பிடித்து ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு எரிந்துபோனது. முகாமுக்கு வந்த மூட்டைக்கும் அக்ராவின் கட்டுக்கும் ஒற்றுமை ஒன்று உண்டு: அனுப்பியவருக்குப் பெறுகிறவரின் முகம் தெரியாது, பெறுகிறவரால் ஒரு கேள்வியும் கேட்க முடியாது.

குழுவில் அப்படி இல்லை. ஒரு தாய் படம் போடுவார்: ‘பொம்பிளைப் பிள்ளை, 2–3 வயது, மூன்று சட்டை, ஒரு தரம்தான் போட்டது.’ மறுநிமிடம் கீழே வரிசையாக வரும்: ‘இருக்கா?’, ‘விலை என்ன?’, ‘பின்பக்கம் ஒரு படம் போடுங்கோ அக்கா’, ‘கைக்குக் கீழ அளவு சொல்லுவீங்களா?’ இந்தக் கடைசி இரண்டு கேள்விகளையும் நிவாரண வரிசையில் நின்ற எவராலும் கேட்டிருக்க முடியாது. ஐந்நூறு ரூபாவோ முந்நூறோ, அதைக் கொடுக்கப் போகிற தாய்க்கு அந்த உரிமை தானாக வந்துவிடுகிறது. பிடிக்கவில்லை என்றால் ‘வேண்டாம் அக்கா, நன்றி’ என்று எழுதிவிட்டுப் போகலாம். மனத்தாங்கல் இல்லை.

உலகம் இதைப் பெரிய வியாபாரமாகவே நடத்துகிறது. லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் மில்டா மிட்குட்டே என்ற இளம்பெண்ணுக்கு வீடு மாற வேண்டியிருந்தது. கைவசம் உடுப்பு அளவுக்கு மிஞ்சிக் கிடந்தது. நண்பர் யூஸ்டஸ் யனவுஸ்கஸோடு சேர்ந்து 2008இல் அவர் தொடங்கிய தளம்தான் இன்றைய ‘விண்டெட்’. 2024இல் அதன் மதிப்பு 5 பில்லியன் யூரோ. பிரான்சிலும் ஜெர்மனியிலும் லண்டனிலும் உள்ள நம்மவர் வீடுகளிலும் அந்தப் பெயர் பழக்கமாகிவிட்டது. அங்கே விற்பவரிடம் தரகு வாங்குவதில்லை. வாங்குபவர் சிறு கட்டணம் கூடக் கொடுப்பார். பொருள் கைக்கு வந்து ‘சரி’ என்று சொல்லும்வரை பணம் நடுவில் நிற்கும். நம்பிக்கை இல்லாத இடத்தில் நம்பிக்கையை உண்டாக்க அவர்கள் கண்ட வழி அது.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. வட்ஸ்அப் குழு ஒன்றில் 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் பிள்ளை உடுப்புக்கு நூறு நூற்றைம்பது பேர் போதும் என்பது என் எண்ணம். காரணம் கூரியர்க் கட்டணம். ஒரு சின்னப் பொதியைக் கொழும்பிலிருந்து அனுப்பினாலே சில நூறு ரூபா போய்விடும். நானூறு ரூபாச் சட்டைக்கு அது கட்டுமா? கிளிவெட்டி, பாரதிபுரம், பள்ளிக்குடியிருப்பு, தோப்பூர், மூதூர், சேருநுவர என்று ஒரே பஸ் பாதையில் இருப்பவர்களுக்குள் விற்றால் செலவே இல்லை. சந்தைக்குப் போகும் நாளில், கோயிலுக்குப் போகும் வழியில், பிள்ளையைப் பள்ளியில் விடும் இடத்தில் கைமாற்றிக்கொள்ளலாம். அடுத்த கிழமை அதே சந்தியில் முகம் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே பாதிப் பொய்யைத் தடுத்துவிடும். தூரத்துக்கு விற்பதென்றால் ஒற்றைச் சட்டையாக விற்காதீர்கள். ‘0–3 மாதம், பத்து உருப்படி’ என்று கட்டாக விற்றால் இருவருக்கும் லாபம்.

ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளையின் அளவுக்குச் சாதி, மொழி, மதம் ஒன்றும் இல்லை. நோன்புப் பெருநாளுக்கு மூதூரில் ஒருமுறை போட்ட சட்டை சித்திரை வருடப்பிறப்புக்குக் கிளிவெட்டியில் ஒரு பிள்ளைக்குப் பொருந்தும். வெசாக்குக்குச் சேருவிலவில் தைத்த வெள்ளை உடுப்பு இங்கே ஏடு தொடக்கலுக்குக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். படமும் அளவும் விலையும் இருந்தால், இந்த வியாபாரத்துக்குப் பாதி மொழி போதும். நம் மூதூர்ப் பகுதி ஒருவரை ஒருவர் சந்தேகித்துக் கழித்த வருடங்கள் கொஞ்சம் இல்லை. கூட்டம் போட்டு நல்லிணக்கம் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு தாய்மார் ஒரு குழந்தைச் சட்டையின் தோள் அளவைப் பற்றிப் பேசும் பேச்சில் கலப்படம் இருக்காது.

இனி விற்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

விலையைப் படத்தோடு போடுங்கள். ‘விலை இன்பொக்ஸ்’ என்பது இந்தக் குழுக்களைக் கெடுக்கும் பழக்கம். ஆளைப் பார்த்து விலை சொல்கிறீர்களோ என்ற சந்தேகம் அங்கேதான் முளைக்கிறது. எனக்குத் தோன்றும் கணக்கு இது: புதிதுபோல இருந்தால் கடைவிலையில் பாதி, நன்றாகப் பாவித்திருந்தால் மூன்றிலொன்று, கறையோ தையல் விட்டதோ இருந்தால் ‘வீட்டில் போட’ என்று வெளிப்படையாக எழுதி, கட்டோடு சேர்த்து அற்ப விலை. குறையைத் தனிப்படமாகக் காட்டுங்கள். பகல் வெளிச்சத்தில், பாயில் விரித்து வைத்து எடுங்கள். இரவு மஞ்சள் விளக்கில் எடுத்தால் வெள்ளையும் பழுப்பும் ஒன்றாகவே தெரியும்.

கழுத்துப் பட்டியில் இருக்கும் வயதை நம்பி எழுதாதீர்கள். ஏற்றுமதி உடுப்பில் இருப்பது அமெரிக்க, ஐரோப்பியப் பிள்ளைகளுக்கான வயது. நம் பிள்ளைகள் பலர் அதைவிட மெல்லிய உடல்வாகு. அங்குல நாடாவை எடுத்து, ஒரு கைக்குக் கீழிருந்து மறுகைக்குக் கீழ் வரை ஓர் அளவு, தோளிலிருந்து ஓரம் வரை ஓர் அளவு, காற்சட்டையென்றால் இடுப்பும் உட்கால் நீளமும் எழுதினால் போதும். வாங்குகிறவர் தன் பிள்ளைக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையை அளந்து ஒப்பிட்டுக்கொள்வார்.

இதில் நம் ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1978இல் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயம் திறந்ததிலிருந்து எத்தனை பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில் நின்று திரும்பியிருக்கிறார்கள்! நாட்டின் பண்ட ஏற்றுமதியில் முதலிடத்தில் இருப்பது அந்தப் பெண்கள் தைத்த உடுப்புத்தான். தரப்பரிசோதனை மேசையில் நின்றவருக்கு ஒரு சட்டையைப் புரட்டிப் பார்த்தாலே போதும். ஓவர்லொக் பிரிந்திருக்கிறதா, பக்கத் தையலில் விரித்துவிட இடம் இருக்கிறதா, இலாஸ்டிக் இன்னும் எத்தனை தோய்ப்புத் தாங்கும் என்று சொல்லிவிடுவார். உங்கள் ஊரில் அப்படி ஒரு அக்கா இருந்தால் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தை இறக்கவும் சிப் மாற்றவும் தையல் மெசின் வைத்திருப்பவருக்கும் அதில் வேலை வரும். சட்டை விற்ற காசு, திருத்தித் தைத்த காசு, இரண்டும் பெண்களின் கையிலேயே சுற்றும் காசு.

வாங்குபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் பிள்ளையின் பாதுகாப்பு.

முதலில் நப்தலீன் உருண்டை. உடுப்புப் பெட்டியில் பூச்சிக்குப் போடுகிறோமே, அந்த வெள்ளை உருண்டைதான். ‘ஜி6பிடி’ என்ற நொதியம் உடலில் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த உருண்டையோடு வைத்திருந்த துணியைச் சுற்றினாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். இந்தக் குறைபாடு, மலேரியா நீண்டகாலம் நிலைத்திருந்த பிரதேசங்களின் மக்களிடம் அதிகம். இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது 2016இல்தான். நம் வறண்ட வலயத்து ஊர்கள் அதற்கு முன் பட்ட பாடு பெரியவர்களுக்குத் தெரியும். எனவே குழந்தை உடுப்புப் பெட்டியில் அந்த உருண்டையைப் போடவே வேண்டாம். போட்டிருந்தால் விற்கும்போது சொல்லிவிடுங்கள். வாங்குபவர் கைக்குழந்தைக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

இரண்டாவது, கழுத்துக் கயிறு. தொப்பி வைத்த மேற்சட்டைகளில் கழுத்தைச் சுற்றிவரும் நாடா, சறுக்குமரம் போன்ற விளையாட்டுச் சாதனங்களில் மாட்டிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு 1996இல் இதைப் பற்றி வழிகாட்டல் வெளியிட்டு, 2011இல் விதியாகவே ஆக்கியது. இன்று புதிதாக வரும் ஏற்றுமதி உடுப்பில் அந்தக் கயிறு அரிது, பழையதில் இருக்கும். இழுத்து எடுத்துவிட்டுப் போடுங்கள். தளர்ந்த பொத்தான், ஒட்டியிருக்கும் மணி, முத்து எல்லாவற்றையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அது பிள்ளையின் தொண்டைக்குப் போகக்கூடியது.

மூன்றாவது, சொறி சிரங்கு. அந்தச் சிற்றுயிர் மனிதத் தோலை விட்டு விலகினால் பொதுவாக இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. வாங்கிய உடுப்பைக் கொதிநீரில் தோய்த்து நம் வெயிலில் காயப்போடுங்கள். தோய்க்க முடியாதது என்றால் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள். இவ்வளவு செய்தால் போதும், ‘ஆர் போட்டதோ’ என்ற பயத்துக்கு வேலையில்லை. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று சொல்லிவைத்தவர்களின் பிள்ளைகள்தானே நாம்.

குழுவை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வட்ஸ்அப் குழுவில் சேர்ந்த உடனேயே எல்லாருடைய தொலைபேசி இலக்கமும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சட்டை விற்கப் போட்ட இலக்கத்துக்கு இரவு பத்து மணிக்கு ‘ஹாய்’ வருகிற கதையைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை, குழுவை விட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். ஏற்கெனவே இருப்பவர் ஒருவர் பொறுப்பேற்று அறிமுகப்படுத்தினால் மட்டும் சேருங்கள். பிள்ளைக்குச் சட்டையைப் போட்டுப் படம் எடுத்துப் போடுவதை அனுமதிக்காதீர்கள். சட்டையை மட்டும் காட்டினால் போதும். பாடசாலைச் சின்னம், பெயர் தைத்த உடுப்பு என்றால் அதை மறைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். முன்பணம் கேட்கிற புதிய ஆளிடம் எவரும் காசு போடக் கூடாது. பொருளைக் கண்டபின் காசு என்பது நல்ல சட்டம். ‘பொதி வந்திருக்கிறது, இந்த இணைப்பில் கட்டணம் செலுத்துங்கள்’ என்று தபால் திணைக்களத்தின் பெயரிலேயே போலிக் குறுஞ்செய்திகள் உலவிய நாடு இது. வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவெண்ணைக் கேட்டவர், உடுப்பு வாங்க வந்தவர் அல்லர்.

இலவசமாகக் கொடுக்க விரும்புகிறவர்களை நான் தடுக்கவில்லை. 2013இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துத் தீவு ஒன்றில் இரண்டு பெண்கள் தொடங்கிய ‘எதையும் வாங்காதே’ இயக்கம், காசே இல்லாமல் அக்கம்பக்கத்துக்குள் பொருட்களைச் சுற்றவிட்டு உலகமெங்கும் பரவியிருக்கிறது. ஆனால் அங்கும் ஒரு ஒழுங்கு உண்டு: இன்னது இருக்கிறது என்று போடுவார்கள், வேண்டியவர் தானே கேட்பார். நீங்களும் அப்படிக் கொடுங்கள். மூட்டையாகக் கட்டி ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வராதீர்கள். ‘இவை என்னிடம் இருக்கின்றன, உங்களுக்கு எது சரிவரும்?’ என்று கேட்டுக் கொடுக்கலாம். பொத்தான் இல்லாததையும் கறை பிடித்ததையும் கொடை என்ற பெயரில் தள்ளிவிட வேண்டாம், அதைக் கிழித்து வீடு துடைக்கலாம்.

விலைவாசியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பிறகு அந்த வேகம் தணிந்தது, ஏறின விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. பாடசாலைச் சீருடைத் துணியாவது 1993 முதல் அரசு இலவசமாகக் கொடுத்து வருகிறது. வீட்டில் போடவும் விழாவுக்குப் போடவும் பெற்றோர்தான் பார்க்க வேண்டும். அந்த நெருக்கடியில் பலர் முதல்முறையாகப் பழைய உடுப்பு விற்கவும் வாங்கவும் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் தொடங்கியதை, வழி இருக்கும்போதும் விடாமல் செய்யலாம் என்பதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன். வசதியுள்ள வீட்டுக்காரி குழுவில் வந்து வாங்கும் நாளில்தான், வசதி குறைந்த வீட்டுக்காரிக்குக் கூச்சம் போகும். ஆகவே இந்த வேண்டுகோளில் பாதி வசதியுள்ள வாசகர்களுக்கு: விற்க மட்டும் வராதீர்கள், வாங்கவும் வாருங்கள்.

முதற் பிள்ளையின் முதற் சட்டையை விற்க மனம் வராது. வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு விலை இல்லை. மற்றவற்றை அடுத்த விடுமுறைக்குள் வெளியே எடுங்கள். அளவுவாரியாகப் பிரித்து, தோய்த்து, காயவைத்து, குறையைக் குறித்து, விலையை எழுதிப் படம் போடுங்கள். உங்கள் ஊரில் குழு இல்லையென்றால் நீங்களே ஐந்து பேரோடு தொடங்குங்கள். எப்படி நடந்தது, எங்கே சிக்கல் வந்தது, எந்த விதி உதவியது என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்ற ஊர்களுக்குப் பயன்படும் என்றால் அடுத்த இதழ்களில் இடம் ஒதுக்கித் தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்